அவை திருட்டுப் பதிவுகள் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கிரேட்ஃபுல் டெட் குழுவைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அமெரிக்க ராக் குழு ஒன்றுக்குத் தமிழ்ப் பத்திரிகை நாலு பக்கம் ஒதுக்குவதே அபூர்வம். கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் ஒரு சொல் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. ரசிகர்கள் கச்சேரிகளில் எடுத்த டேப்புகளை அவர் 'திருட்டுப் பதிவுகள்' என்று எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டுகளில் ஒரே ஒரு பாட்டுதான் ஹிட் ஆனது, அப்படியிருந்தும் இவ்வளவு கூட்டம் எப்படிச் சேர்ந்தது என்பது புதிர் என்றும் முடித்திருக்கிறார். அவர் திருட்டு என்று ஒதுக்கிய அந்த டேப்புகளில்தான் புதிருக்கு விடை இருக்கிறது.

நான் அவர்களை ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். 1995 ஜூன் மாதம், கலிஃபோர்னியாவில் மவுண்டன் வியூ ஊரிலுள்ள ஷோர்லைன் திறந்தவெளி அரங்கில். வேலை நிமித்தம் அங்கே போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கூட வேலை பார்த்தவர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துப் போனார். மேடைக்கு நேர் எதிரே ஒலியமைப்பாளரின் மேசை. அதற்குப் பின்னால் நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக மைக் ஸ்டாண்டுகள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேல். ஸ்டாண்டுகளின் கீழே ரெக்கார்டர்களோடு ரசிகர்கள் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அருகில் இருந்தவர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேசட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் 45 நிமிடம். பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்ததும் கேசட்டை எடுத்துத் திருப்பிப் போட்டு பட்டனை அழுத்திவிட்டார். கிடார் சுருதி சேர்க்கிற சத்தம்கூடத் தவறவில்லை. அவரைச் சுற்றி இருந்தவர்கள் பேச வேண்டியதைக் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

அந்த இடத்துக்கென்றே தனி டிக்கெட் உண்டு. குழுவே அதைத் தபால் மூலம் விற்றது. அறுபதுகளின் கடைசியிலிருந்தே ரசிகர்கள் மறைத்தும் மறைக்காமலும் பதிவு செய்துகொண்டுதான் இருந்தார்கள். நாளாக ஆக மைக் காடு பெருகி ஒலியமைப்பாளருக்கு மேடையை மறைக்கத் தொடங்கியது. வேறு குழுவாக இருந்தால் வாசலில் ஆளை நிறுத்தி ரெக்கார்டர்களைப் பிடுங்கியிருக்கும். இவர்கள் 1984 அக்டோபரில், பெர்க்லி நகரக் கச்சேரிகளில், பதிவு செய்பவர்களுக்கு மேசையின் பின்புறம் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள். வாசித்து முடித்தால் அந்த இசை கேட்பவர்களுடையது என்பதுதான் குழுவின் கிடார் கலைஞரும் பாடகருமான ஜெர்ரி கார்சியாவின் எண்ணம். வீட்டுக்காரரே கதவைத் திறந்து நாற்காலியும் போட்டுக் கொடுத்த இடத்தில் திருட்டு என்ற சொல்லுக்கு வேலை இல்லை.

இதனால் டிக்கெட் விற்பனை ஏன் படுக்கவில்லை? நம் சபாக்களில் உட்கார்ந்து கேட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். ஒரே ராகத்தை ஒரு வித்வான் நேற்றுப் பாடியது போல இன்று பாடமாட்டார். 1965-இல் பாலோ ஆல்டோவில் 'வார்லாக்ஸ்' என்ற பெயரில் தொடங்கி 1995 வரை இந்தக் குழு 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள் செய்தது. பாட்டு ஒன்றுதான், ஆனால் ஒரு நாள் எட்டு நிமிடத்தில் முடியும், இன்னொரு நாள் இருபது நிமிடம் எங்கெங்கோ அலைந்துவிட்டு வேறொரு பாட்டில் போய்ச் சேரும். இரண்டாம் பாதியில் குழுவின் டிரம் கலைஞர்களான பில் க்ரூட்ஸ்மனும் மிக்கி ஹார்ட்டும் வாசிக்கிற நீண்ட தாளப் பகுதியைத் தனி ஆவர்த்தனம் என்றே சொல்லிவிடலாம். நேற்றைய டேப்பைக் கேட்டவருக்கு இன்றைய கச்சேரியில் என்ன நடக்குமோ என்ற ஆவல்தான் கூடும். ஊர் ஊராகப் பின்தொடர்ந்து போன கூட்டம் அப்படித்தான் உருவானது.

டேப் பரிமாற்றத்துக்கு ரசிகர்கள் வைத்திருந்த முதல் விதி, காசு வாங்கக் கூடாது என்பது. பதிவு உள்ளவருக்குக் காலி கேசட்டும் திருப்பி அனுப்பத் தபால்தலையும் அனுப்பினால் பிரதி எடுத்து அனுப்புவார். டேப்பை விற்றவரை யாரும் மதிக்கவில்லை. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் அரங்கில் நடந்த கச்சேரி இப்படிக் கை மாறிக் கை மாறியே பெரும் புகழ் பெற்றது. அதைப் பதிவு செய்தவர் குழுவோடு வேலை செய்த பெட்டி கேன்டர்-ஜாக்சன் என்ற பெண். பிற்பாடு அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அந்தப் பதிவைத் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது.

குழுவினரும் ஒரு முறை தடுமாறினார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். 2005 நவம்பரில் 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் இலவசமாகக் கிடைத்த பதிவுகளை இறக்கிக்கொள்ள முடியாமல் நிறுத்தினார்கள். ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாட்களிலேயே, ரசிகர்கள் மைக் வைத்து எடுத்த பதிவுகளை மீண்டும் திறந்துவிட்டார்கள். ஒலியமைப்பாளரின் மேசையிலிருந்து நேராக எடுத்தவற்றைத் தளத்தில் கேட்க மட்டும் அனுமதி. அந்தப் பிணக்கிலும் ரசிகர்களை யாரும் திருடர்கள் என்று சொல்லவில்லை.

சரி, ஹிட் விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் பிரபலப் பாட்டுகளை வரிசைப்படுத்தும் பில்போர்டு பட்டியலில் முதல் பத்துக்குள் வந்த இவர்களின் ஒரே பாட்டு 1987-இல் வந்த 'டச் ஆஃப் கிரே' என்பது உண்மை. ஆனால் அது எப்போது வந்தது என்று கட்டுரை சொல்லவில்லை. 1986 ஜூலையில் கார்சியா நீரிழிவு முற்றி, நினைவிழந்து கிடந்தார். பிழைத்தெழுந்தபோது கிடார் வாசிப்பையே மறுபடி படிக்க வேண்டியிருந்தது. பியானோ கலைஞர் மெர்ல் சாண்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து உதவினார். சிறு வயதில் கோடாலி பட்டு வலது நடுவிரலில் மூன்றில் இரண்டு பங்கை இழந்தவர் கார்சியா. அந்தக் கையோடு நாற்பத்து நாலு வயதில் மீண்டும் ஆரம்பப் பாடம். அந்த டிசம்பரில் ஓக்லண்டில் மேடையேறி முதலில் வாசித்ததும் இதே பாட்டுதான். இதை ஒரே ஒரு ஹிட் என்று ஒரு வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

போதைப்பழக்கம் பற்றிக் கட்டுரையாளர் எழுதியதை நான் மறுக்கவில்லை. குழுவின் கீபோர்டு கலைஞர்களில் பிக்பென் 27 வயதில் போனார், பிரென்ட் மிட்லண்ட் 37 வயதில். ஷோர்லைனில் நான் பார்த்த கார்சியாவே தளர்ந்துபோய், வரிகளைத் தவறவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழிந்து சில நாட்கள்தான், ஆகஸ்ட் 9 அன்று மறுவாழ்வு நிலையம் ஒன்றில் இறந்தார். வயது 53. அவருடைய அஸ்தியில் ஒரு பகுதியை மறு ஆண்டு ஏப்ரலில் ரிஷிகேஷுக்குக் கொண்டுவந்து கங்கையில் கரைத்தார்கள். வந்தவர்களில் குழுவின் பாப் வியரும் ஒருவர்.

இந்தியத் தொடர்பு என்றதும் இன்னொரு குறை. மிக்கி ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் தாளம் கற்றவர், அவர் மகன் ஜாகிர் உசேனோடு பல ஆண்டுகள் வாசித்தவர். 1991-இல் அவர் வெளியிட்ட 'பிளானட் டிரம்' ஆல்பம்தான் உலக இசைக்கான முதல் கிராமி விருதைப் பெற்றது. அதில் கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயக்ராம். தமிழ் இதழில் வந்த கட்டுரையில் அவர் பெயர் இல்லாதது எனக்கு வருத்தம்தான்.

கொடுத்ததால் இவர்கள் கெட்டுப்போகவில்லை என்பதற்கு ஒரே ஒரு கணக்கு. 2024-இல் பில்போர்டு ஆல்பம் பட்டியலின் முதல் நாற்பதுக்குள் வந்த இவர்களுடைய ஆல்பங்களின் எண்ணிக்கை 59 ஆனது. எல்விஸ் பிரெஸ்லியும் ஃபிராங்க் சினாட்ராவும் 58-இல் இருந்தார்கள். டெட் ஆல்பங்களில் பெரும்பாலானவை பழைய கச்சேரிப் பதிவுகள். இலவசமாகக் கேட்டுவிட்ட இரவுகளையே ரசிகர்கள் காசு கொடுத்தும் வாங்கினார்கள்.

ஷோர்லைனில் கேசட்டைத் திருப்பிப் போட்டவர் கிளம்பும்போது என் முகவரியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வாரத்தில் தபாலில் இரண்டு கேசட் வந்தன. அட்டையில் சிறிய, சாய்ந்த எழுத்தில் தேதி, இடம், பாட்டு வரிசை, எந்த மைக் என்பதுவரை எழுதியிருந்தார். பதிலுக்கு இரண்டு காலி கேசட் அனுப்பி வைத்தேன். கார்சியா இறந்த அன்று இரவு முதல் கேசட்டைப் போட்டேன். இரண்டாவது பாட்டு முடிகிற இடத்தில், கைதட்டலுக்கு நடுவே, பாட்டின் பெயரை என்னிடம் சொல்கிற நண்பரின் குரலும் 'என்ன?' என்று திரும்பக் கேட்கிற என் குரலும் பதிவாகியிருக்கின்றன. அந்தக் கேசட் இன்றும் என்னிடம் இருக்கிறது. அடுத்த இதழில் 'திருட்டுப் பதிவுகள்' என்ற சொல்லை மட்டும் திருத்தி ஒரு வரி வெளியிட வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்