பள்ளிக்கூட அதிபர் சேருக்கும் மற்ற எல்லாருக்கும்

மகளின் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினை ஞாயிற்றுக்கிழமை, 2020 ஒக்டோபர் 11ஆம் திகதி முடிந்தது. பெறுபேறு வரமுதலே இதை எழுதிப்போட நினைத்தேன். வந்த பிறகு எழுதினால் புள்ளிக்குச் சொன்ன நன்றியாகிவிடும்.

மார்ச் 13இல் கொரோனாவால் பள்ளிக்கூடங்களைப் பூட்டின பிறகு நடந்ததும், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் கவரேஜ் கிடைக்கிற சீரும் உங்கள் எல்லாருக்கும் தெரியும். எங்கள் வீட்டில் ஒரேயொரு டச் போன். மேசன் வேலைக்குப் போகையில் இவர் அதைக் கொண்டுபோய்விடுவார். காலையில் வட்ஸ்அப்பில் வருகிற பயிற்சியை மகள் இரவு ஏழரைக்குத்தான் காண்பாள். அதற்குள் ‘இன்று பயிற்சி அனுப்பாதோர்’ என்ற பட்டியல் குறூப்பில் விழுந்துவிடும். இவள் பெயர் தவறாமல் இருக்கும். போட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், மேலேயிருந்து கணக்குக் கேட்டிருப்பார்கள். பிள்ளைதான் போனைத் தொடவே பயந்தது. பாதிச் சோற்றில் எழும்பிப்போய்ப் படுத்துவிடும்.

நான் யாரிடமும் முறையிடவில்லை. ஒருநாள் இரவு பார்த்தால் அன்றைய பட்டியலை அழித்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதிபர் சேர் என் பட்டன் போனுக்கு எடுத்தார். “மகளிட்டக் குடுங்க தங்கச்சி.” ஸ்பீக்கரில் போட்டேன். “நீ ராவைக்கு அனுப்பினாலும் எனக்குக் காலைல அனுப்பின மாதிரித்தான் புள்ள. இனிப் பேர் போட மாட்டாங்க.” அவ்வளவுதான், வைத்துவிட்டார். படிப்பைப் பற்றி ஒரு புத்திமதி கிடையாது. அன்றிரவே இவள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு குப்பி விளக்கடிக்குப் போனாள், கரண்டும் இல்லாத நேரம்.

இணையவழிக் கற்றல், சூம் என்று பேச ஆள் நிறைய இருந்தார்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளம் பார்த்தால் டேட்டாவுக்குக் காசு வெட்டாது என்றார்கள். நல்ல விசயம், போன் இருக்கிற வீட்டுக்கு. எந்த வீட்டில் எத்தனை மணிக்குப் போன் வரும் என்று ஒவ்வொருவராகக் கேட்டு எழுதி, அதன்படி ஆசிரியர்களை நடத்தினவர் எங்கள் சேர்தான். போனே இல்லாத பிள்ளைகளுக்குச் செயலட்டை வந்ததும் அந்தக் கணக்கை வைத்துத்தான்.

ஊரடங்கு தளர்ந்ததும் குருமண்வெளியில் நின்று செயலட்டைக் கட்டை, வாவியைக் கடக்கிற மண்டூர்ப் பாதைப் படகில் ஏற்றிவிட்ட டீச்சர், நனையாமல் இறக்கித்தந்த பாதைக்காரத் தம்பிமார், போட்டோக் கொப்பிக் காசைக் கடன் கொப்பியில் எழுதி இன்னும் கேட்காமலிருக்கிற கடை அண்ணன், டேட்டா முடிந்த நேரமெல்லாம் ஹொட்ஸ்பொட் போட்டுவிட்ட பெரியம்மாவின் மகன், எல்லாருக்கும் நன்றி.

சேர், இனிப் பெற்றோர் கூட்டத்துக்குக் கூப்பிட்டால் வயல் வேலை என்று சாக்குச் சொல்ல மாட்டேன். வந்து பின்வாங்கிலில் குந்தியிருக்கவும் மாட்டேன், வாய் திறந்து பேசுவேன்.

இந்த ஒக்டோபரில் பள்ளிக்கூடம் மறுபடி பூட்டிக் கிடக்கிறது. மகளின் செயலட்டைகளை உரப்பையில் கட்டி வைத்திருக்கிறேன். அடுத்த முறை சோதினை எடுக்கிற பிள்ளைகளின் தாய்மார் வந்து எடுங்கள். விடையெல்லாம் பென்சிலால்தான் எழுதியிருக்கிறாள், அழித்துப்போட்டுப் பாவிக்கலாம்.