பதினைந்து மீட்டர் ஆழம் என்றால் நிம்மதியா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜார்க்கண்டின் ஜரியா நிலக்கரி வட்டாரத்தில் நிலம் உள்வாங்கியது பற்றிய உங்கள் செய்தியில், சுரங்கம் அதிக ஆழத்தில் இல்லை, பதினைந்து மீட்டர்தான், அதனால் பயமில்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த வட்டாரத்திலேயே சுரங்க சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விஷயம் நேர் தலைகீழ்.

அங்கே பூமிக்கடியில் கரியை ஒரேயடியாக முழுக்க எடுப்பதில்லை. நடுநடுவே கரியையே தூணாக விட்டு, சுற்றிலும் கேலரி, அதாவது சுரங்கப் பாதை, வெட்டுவார்கள். கூரை அந்தத் தூண்களின் மேல் நிற்கும். 1970களின் தொடக்கத்தில் அரசுடைமையாகும் முன் தோண்டிய பலர் தூண்களையும் செதுக்கி எடுத்தார்கள். ஒழுங்கான வரைபடமும் வைக்கவில்லை.

கேலரிக் கூரை இடிந்தால் என்ன ஆகும்? உடைந்த கல் அதிக இடம் அடைக்கும். பழைய வீட்டை இடித்தவர்களுக்குத் தெரியும். மூன்றில் ஒரு பங்கு பெருகுவதாக வைத்துக்கொண்டால், 3 மீட்டர் உயரக் கேலரிக்கு மேல் 9 மீட்டர் பாறை விழுந்ததும் உள்ளே இருக்கும் வெற்றிடம் தானாகவே அடைபட்டுவிடும். 200 மீட்டர் ஆழத்தில் இது நடந்தால் மேலே இருப்பவர்களுக்குத் தெரியவே தெரியாது. (தூண்களையே எடுத்துவிட்டால் அது வேறு கதை.) 15 மீட்டரில் நடந்தால்? மேலே பாதி மண், மீதி மக்கிய கல். மழைத் தண்ணீரோடு கரைந்து பக்கத்துக் கேலரிகளுக்குள் ஓடிவிடும். வெற்றிடம் அடைபடாமல் மேலே ஏறிக்கொண்டே வரும்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலேயே அப்படி வந்தது. ஆடி மாதம், மூன்று நாள் விடாத மழை. காலையில் பார்த்தால் பக்கத்து வீட்டு அம்மாவின் முருங்கை மரத்தில் உச்சிக் கொப்பு மட்டும் தரை மட்டத்தில் ஆடிக்கொண்டிருந்தது. உறை இறக்கின கிணறு மாதிரி வட்டமான குழி, ஓரம் கத்தியால் வெட்டியது போல. பத்து நாளாகவே அந்த அம்மா, பின்கதவுத் தாழ்ப்பாள் விழவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். தரை இறங்கி நிலை கோணுவதன் அறிகுறி அது. நாங்களோ தச்சரைத்தான் கூப்பிட்டோம். கூப்பிட்டு விட்டவன் சர்வேயரான நானேதான்.

நிர்வாகம் மறுநாள் நாலு லாரி மண் கொட்டி மட்டம் செய்தது. அடுத்த மழைக்கு அந்த மண்ணும் உள்ளே போனது. மேலே கொட்டிப் பயனில்லை. மணலைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியாகக் கேலரிக்குள்ளேயே இறக்கி நிரப்ப வேண்டும். தாமோதர் ஆற்று மணலை வைத்து அங்கே செய்த வேலைதான். செலவு அதிகம், அதனால் தள்ளிப்போடுவார்கள்.

சுரங்கத்துக்குள் நாங்கள் கூரையைக் கம்பால் தட்டிப் பார்ப்போம். அங்கே கூரைக்குப் பெயர் 'சால்'. கெட்டியென்றால் கணீர் என்கும். பாறை ஏடு விலகியிருந்தால் டொப்பென்று கேட்கும். மேலே குடியிருப்பவர்கள் எதைத் தட்டிப் பார்ப்பார்கள்?

அடுத்த முறை உங்கள் நிருபர் போகும்போது ஆழத்தோடு சேர்த்து, கேலரி எவ்வளவு உயரம், அதற்கு மேல் கெட்டிப் பாறை எத்தனை மீட்டர் என்றும் கேட்டு எழுதட்டும். அப்புறம், அக்கம்பக்கத்தில் யார் வீட்டுக் கதவு சிக்குகிறது என்றும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சுரங்க சர்வேயர்,
தென்காசி