சுவரைக் கெடுத்தது யார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் டவுன் பஸ் தரிப்பிடச் சுவரில் பிள்ளைகள் வரைந்த ஓவியத்தைப் பற்றிப் போன ஞாயிறு எழுதியிருந்தீர்கள். இரண்டு பெண்கள் கைகோர்த்து நிற்பது ‘மலையகத்துக்கு ஒவ்வாத வெளிநாட்டுக் கலாசாரம்’ என்று அதில் ஒரு வரி. சரி ஐயா, வெள்ளைக்காரன் கொண்டுவந்த தேயிலையும், தோட்டத் தொழிலாளருக்கு அவன் வரிசையாகக் கட்டிய லயக் காம்பராவும் எந்த ஊர்க் கலாசாரம்? இலங்கையில் தன்பாலின உறவைக் குற்றமாக்கும் சட்டமே 1883இல் வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போனது. பெண்களையும் அதற்குள் இழுத்துவிட்ட 1995ஆம் ஆண்டுத் திருத்தம் மட்டும்தான் நம்மவர்களின் கைங்கரியம். நீங்கள் அறியாததல்ல.

சுவர் கெட்டுப்போகிறது என்ற கவலை வேறு உங்களுக்கு. டியூஷன் விளம்பரம், கைகூப்பும் தொழிற்சங்கத் தலைவர்கள், ஹோட்டல் மதிலில் கூடையோடு சிரிக்கும் கொழுந்துக்காரி, இவற்றால் எந்தச் சுவரும் கெடவில்லை போலும். நானும் மலையில் கொழுந்து பறித்தவள்தான். அட்டை கடித்த காலோடு அப்படிச் சிரித்ததாக ஞாபகமில்லை. தோட்டத் தொழிலாளர் கேட்ட 1,000 ரூபாய் நாட்சம்பளத்தை 2021 வரை இழுத்தடித்தார்களே, அப்போதும் மதிலில் அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

நான் குமரியாக இருந்தபோது ஒருவன் என் பெயரைப் போட்டு அசிங்கமாக ஒரு மதிலில் கரியால் எழுதினான். அதற்கு யாரும் வெள்ளையடிக்க ஓடிவரவில்லை, மழைதான் அழித்தது. இந்தப் பிள்ளைகளின் ஓவியத்துக்கோ உங்கள் பத்திரிகை வந்த மூன்றாம் நாளே வெள்ளையடித்தாயிற்று.

எங்கள் லயத்தில் இரண்டு அக்காமார் ஒரே காம்பராவில் கடைசிவரை சேர்ந்து வாழ்ந்தார்கள். ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. ஆனால் சாவு வீட்டில் சமைக்க ஆள் தேவைப்பட்டால் முதலில் அவர்களைத்தான் கூப்பிட்டது. வெளிநாட்டைப் பற்றிக் கேட்டால் அதையும் சொல்கிறேன். பொலிவியாவின் லா பாஸ் நகரில் ‘முஹேரெஸ் கிரேயாந்தோ’ என்று 1992இல் தொடங்கிய ஒரு பெண்கள் அமைப்பு உண்டு. தொடங்கியவர்களில் லெஸ்பியன் பெண்களும் உண்டு. சொல்ல வேண்டியதைத் தெருச்சுவரில் எழுதி, கீழே ஒளிக்காமல் தங்கள் பெயரையும் போடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைத்ததும் ஒரு சுவர்தான். அவர்களிடம் அச்சகம் இல்லையே ஐயா, உங்களிடம்தானே இருக்கிறது.

கேட்பது ஒன்றுதான். நீங்கள் போட்ட படத்தில் ஓவியத்துக்குக் கீழே எழுதியிருந்த வரிகளை வெட்டிவிட்டீர்கள். அடுத்த இதழில் முழுப் படத்தையும் போடுங்கள். இடம் போதாவிட்டால், தலைவர்களின் பிறந்தநாள் வாழ்த்து ஒன்றைக் கொஞ்சம் சுருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நுவரெலியா மாவட்டம்.