பிரேக் சிலிண்டரைத் திருப்பி அனுப்பும் முன்

வணக்கம்.

கராஜிலும் ஹேங்கரிலும் சொந்தக் கையால் விமானம் கட்டிக்கொண்டிருக்கும் நம் வாடிக்கையாளர்களுக்கு இந்த மடல். ஜூலைக் கடைசியில் அமெரிக்காவின் ஓஷ்கோஷ் விமானக் கண்காட்சிக்குப் பறந்து போக நினைப்பவர்கள் இப்போதுதான் அவசரமாக பிரேக் வேலையில் இறங்குவீர்கள், அதனால் முன்கூட்டியே எழுதுகிறோம்.

"புது மாஸ்டர் சிலிண்டர் போட்டும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது, திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று பார்சல்கள் வருகின்றன. (பெடலை மிதித்ததும் எண்ணெயைச் சக்கரத்துக்குத் தள்ளுவதுதான் மாஸ்டர் சிலிண்டர்.) வந்த ஒவ்வொன்றையும் மேசையில் பூட்டி, அழுத்தம் கொடுத்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் சிலிண்டரில் ஒரு குறையும் இருப்பதில்லை. குழாய்க்குள் காற்று நின்றிருக்கும். இல்லையென்றால் ஊற்றிய எண்ணெய் தப்பாக இருக்கும். போக வரக் கூரியர் செலவு உங்களுக்கு, நாள் கணக்கில் நேரம் இரண்டு பேருக்கும் வீண்.

முதலில் காற்று. கார் பிரேக் பார்த்துப் பழகிய கை, ஒருவரை பெடலை மிதிக்கச் சொல்லி, கீழே காற்றை வெளியேற்றும் திருகான பிளீடரைத் திறந்து மூடும். காரில் அது சரி. நம் சிறு விமானங்களில் பெடல் உயரத்தில், சக்கரம் தாழ்வில். சிலிண்டரோ ஒரு மிதிக்கு மிகக் கொஞ்சம் எண்ணெயைத்தான் தள்ளும். குமிழி ஒரு மிதியில் கொஞ்சம் இறங்கும், காலை எடுத்ததும் மறுபடி ஏறி அதே இடத்தில் போய் உட்காரும். ஆகவே கீழிருந்து மேலே தள்ளுங்கள். சக்கரத்தில் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரின் அடியில் இருக்கும் பிளீடரில் குழாயைச் செருகி, எண்ணெய்க் குப்பி பம்பாலோ பெரிய ஊசிக் குழலாலோ மெதுவாக, நிறுத்தாமல் ஏற்றினால் காற்று தன் இயல்புப்படி மேலே போய், எண்ணெய்த் தொட்டியான ரிசர்வாயரில் வெளியேறும். பம்புக் குழாயிலேயே காற்று இருக்கக் கூடாது. அதை மறந்துவிட்டு ஒரு மதியம் முழுக்கக் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். குழாய் எங்காவது மேடாக வளைந்து இறங்கினால் அந்த மேட்டில் குமிழி பதுங்கும். அந்த இடத்தை விரலால் தட்டிக்கொண்டே தள்ளுங்கள்.

இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் கெட்டியாகிறதா? காற்றுதான், அல்லது டிஸ்க்கில் உரசும் லைனிங் தேய்ந்து பிஸ்டன் அதிக தூரம் நகர வேண்டியிருக்கிறது. அழுத்திப் பிடித்திருக்கும்போதே பெடல் மெல்ல மெல்ல இறங்குகிறது, வெளியே எங்கும் கசிவும் இல்லை என்றால் சிலிண்டருக்குள் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் விட்டுக்கொடுக்கிறது. அது எங்கள் சரக்கின் குறை, தாராளமாக அனுப்புங்கள்.

இனி எண்ணெய். இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நாங்கள் விற்கும் சிலிண்டர், காலிப்பர் எல்லாவற்றிலும் இருப்பது நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங். அதற்குச் சிவப்பு நிறக் கனிம எண்ணெய், 5606 என்ற எண்ணுள்ளது பொருந்தும். கார் கடையில் கிடைக்கும் டாட் 3, டாட் 4 வேறு வகை, கிளைக்கால் (glycol) என்ற வேதிப்பொருள் சேர்ந்தது. அது பட்டால் நைட்ரைல் ஊதி மெத்துப்போகும். தலைகீழாகவும் அப்படித்தான்: கார் பிரேக்கின் இ.பி.டி.எம். ரப்பரில் சிவப்பு எண்ணெய் பட்டால் அதுவும் ஊதிவிடும். கொஞ்சம்தான் ஊற்றினேன் என்று கழுவிவிட்டுப் பறக்க வேண்டாம். முழுக்க வடித்து, கழுவி, எல்லா ஓ-ரிங்குகளையும் மாற்றுங்கள். ஓ-ரிங்கின் விலை சில்லறைக் காசு. 5606 எண்ணெயின் ஆவி 82 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கத் தயாராகிவிடும் என்பதால், சக்கரக் கவசம் போட்டவர்களுக்கு 83282 என்ற எண்ணுள்ள எண்ணெயைச் சொல்கிறோம்; அதற்கு 205 டிகிரி வேண்டும். அதே ஓ-ரிங்குகள் போதும்.

பிரேக் விடாமல் பிடித்துக்கொள்கிறது என்று சொல்பவர்களும் உண்டு. ஆர்வி-7ஏ போல மூக்குச் சக்கரம் தானாகச் சுழலும் விமானத்தில் ஒரு பக்க பிரேக்கை மிதித்துத்தான் திரும்ப வேண்டும் என்பதால் இது சும்மா தொந்தரவு அல்ல. ஒரு பக்கம் பிடித்தால் விமானம் அந்தப் பக்கமே இழுக்கும், டிஸ்க் கொதிக்கும். சக்கரத்தைத் தூக்கி வைத்துக் கையால் சுற்றுங்கள். சுற்றவில்லையா, பிளீடரை கால் சுற்றுத் திறவுங்கள். சட்டென்று விடுபட்டால் மேலே எங்கோ அழுத்தம் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்போதும் இறுக்கமாக இருந்தால் கோளாறு கீழே: பிஸ்டன் ஒட்டியிருக்கும், அல்லது காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்திருக்கும். பின்களுக்குக் கிரீஸ் தடவாதீர்கள், மண்ணைப் பிடித்துக்கொள்ளும். உலர் மசகு போதும்.

மேலே மாட்டியிருந்தால் எல்லாப் பெடல்களையும் பாருங்கள், பயணி பக்கம் உட்பட. இரு பக்கமும் பெடல் வைத்த பல விமானங்களில் எண்ணெய் ரிசர்வாயரிலிருந்து பயணி சிலிண்டருக்குப் போய், அங்கிருந்து பைலட் சிலிண்டருக்கு வந்து, அப்புறம்தான் சக்கரத்துக்கு இறங்கும். ஏதாவது ஒரு சிலிண்டர் முழுசாக வெளியே நீளாவிட்டால் எண்ணெய் திரும்பும் துளை அடைபட்டுவிடும். பெடல் பக்கத்துத் தகட்டில் உரசுவது, திரும்பும் ஸ்பிரிங் இல்லாதது, தரை விரிப்பு தடுப்பது, எல்லாம் இதைச் செய்யும்.

பெடல் கல் மாதிரி இருக்கிறது, ஆனால் நிற்கவில்லை என்றால் ஹைட்ராலிக்ஸை விட்டுவிடுங்கள். லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கும், அல்லது புது லைனிங்கைப் பழக்காமல் விட்டிருப்பீர்கள். கிளீவ்லேண்ட் நிறுவனத்தின் ஆர்கானிக் லைனிங் என்றால் இன்ஜினை 1,700 ஆர்.பி.எம்மில் வைத்து, பிரேக்கை மிதித்தபடி மணிக்கு 5 முதல் 10 மைல் வேகத்தில் 1,500 அடி ஓட்டி, 10-15 நிமிடம் ஆறவிட்டு, பிறகு முழு விசையில் நிற்கிறதா பாருங்கள். லைனிங் 0.100 அங்குலத் தடிமனுக்குத் தேய்ந்தால் மாற்றியாக வேண்டும்.

இணைப்புகளில் கசிந்தால் இரண்டு விஷயம். விமானப் பொருத்திகளின் குழாய் விளிம்பு 37 டிகிரி, கார் கருவி தருவது 45. எவ்வளவு முறுக்கினாலும் கசிவு நிற்காது. இன்னொன்று டெஃப்லான் நாடா. அதன் நார் பிய்ந்து உள்ளே துளையை அடைக்கும். குழாய் மரைக்குப் பசை வகை மட்டும் பயன்படுத்துங்கள்.

இனிமேல் ஒவ்வொரு சிலிண்டரோடும் "சிவப்பு எண்ணெய் மட்டும்" என்று ஒரு அட்டை கட்டி அனுப்பப் போகிறோம். ரிசர்வாயர் மூடியில் மாட்டிக்கொள்ளுங்கள், உங்களுக்காக வேலை பார்க்கும் மெக்கானிக்குக்கும் தெரியட்டும். சரக்கைத் திருப்பி அனுப்பும்போது மூன்று பதில்கள் எழுதுங்கள்: என்ன எண்ணெய் ஊற்றினீர்கள், எந்தப் பக்கமிருந்து காற்று எடுத்தீர்கள், அழுத்திப் பிடித்தால் பெடல் இறங்குகிறதா. கூடவே ஒரு சின்னக் குப்பியில் பழைய எண்ணெய் கொஞ்சம் வைத்தால், நிறத்தைப் பார்த்தே பாதி சொல்லிவிடுவோம். ஆனால் மூடியை இறுக்கிக் கட்டுங்கள். போன முறை வந்த குப்பி, பார்சல் முழுக்கச் சிவப்பாக்கிவிட்டது.

அன்புடன்,
உங்கள் கடைக்காரர்கள்