விம்பிள்டன் பிள்ளைகளைப் பற்றி உனக்கு

டூட்டிங், லண்டன்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் நலம். மாலா பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டாள். பின்கட்டில் கண்ணாடிக் கூண்டு ஒன்று வைத்து வெண்டையும் கத்தரியும் போட்டிருக்கிறாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் ஜூனியர் விம்பிள்டனை ஜெயித்து, 1986இல் பெரியவர்கள் பிரிவில் கால் இறுதி வரை போனாரே, அப்படி வளர்ந்து வருகிற பிள்ளைகள் இப்போது பிரிட்டனில் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். இருக்கிறார்கள். அதுவும் நான் இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பார்த்ததைவிட இப்போது அதிகம். ஆனால் பட்டம் யார் ஜெயித்தார்கள் என்பதை வைத்து நான் கணக்குப் போடுவதில்லை.

ஹென்றி சியர்ல் என்று ஒரு பையன், வுல்வர்ஹாம்ப்டன்காரன், உயரமான இடக்கை ஆட்டக்காரன். 2023இல் ஒரு செட்கூட இழக்காமல் ஜூனியர் விம்பிள்டனை வென்றான். 1962க்குப் பிறகு அதை வென்ற முதல் பிரிட்டிஷ் பையன் அவன். சொந்த மண், சொந்தப் புல்தரை, அதற்கே 61 வருஷம் ஆகியிருக்கிறது! அவன் சர்வ் போடுவதைப் பார்த்தால் உனக்குப் பிடிக்கும். அப்புறம் பெரியவர்கள் விம்பிள்டனில் அவனுக்கு வைல்ட் கார்டு, அதாவது தரவரிசை போதாவிட்டாலும் நேரடியாக ஆட ஓர் இடம், கொடுத்தார்கள். 2024, 2025 இரண்டு வருஷமும் முதல் சுற்றைத் தாண்டவில்லை. அதற்காக அவன் அவ்வளவுதான் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில், முப்பதை நெருங்கும் கெட்டிக்கார ஆண்களோடு ஐந்து செட் ஆட்டத்துக்கு இறங்குவது வேறு விளையாட்டு.

ஜாக் டிரேப்பரைப் பார். 2018 ஜூனியர் விம்பிள்டன் அரை இறுதியில் மூன்றாவது செட்டை 19-17 என்று இழுத்துப் பிடித்து ஜெயித்தான். இறுதியில் தைவான் பையனிடம் தோற்றான். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் தோள், இடுப்பு என்று ஏதாவது ஒரு காயம். 2024இல் அமெரிக்க ஓப்பன் அரை இறுதி, 2025 வசந்தத்தில் அமெரிக்காவின் பெரிய போட்டிகளில் ஒன்றான இந்தியன் வெல்ஸ் பட்டம், அதே வருஷம் உலகத் தரவரிசையில் நான்காம் இடம். தோற்ற பையன் மேலே வர ஏழு வருஷம் ஆனது.

மறுபக்கமும் உண்டு. லாரா ராப்சன் 2008இல் பதினான்கு வயதில் ஜூனியர் விம்பிள்டன் வென்றபோது இந்த நாடே அந்தப் பெண்ணைத் தூக்கி வைத்துக்கொண்டது. அவளும் ஏமாற்றவில்லை. 2012 அமெரிக்க ஓப்பனில் கிம் கிளைஸ்டர்ஸ், லீ நா என்ற இரண்டு பெரிய சாம்பியன்களை அடுத்தடுத்துத் தோற்கடித்தாள். அதே வருஷம் ஒலிம்பிக்ஸில் ஆண்டி மர்ரேயோடு கலப்பு இரட்டையரில் வெள்ளி. பிறகு மணிக்கட்டு போனது. 28 வயதில் ஓய்வை அறிவித்தாள். ஆலிவர் கோல்டிங் 2011இல் ஜூனியர் அமெரிக்க ஓப்பன் வென்றவன். இருபதுகளின் தொடக்கத்திலேயே ஆட்டத்தை விட்டு விலகிவிட்டான். பின்னாளில் பெரியவர்கள் விம்பிள்டனையே ஜெயித்த மர்ரேயும் 2004இல் அதே பட்டத்தை வென்றவர்தான்! ஒரே கோப்பையில் பெயர் பொறித்த இருவருக்கு எவ்வளவு வேறான வாழ்க்கை.

இப்போது என் நம்பிக்கை பெண்கள் பக்கம். 2024இல் மிக்கா ஸ்டோய்சாவ்லியெவிச் பதினைந்து வயதில் ஜூனியர் அமெரிக்க ஓப்பனை வென்றாள். 2009இல் ஹெதர் வாட்சனுக்குப் பிறகு அங்கே வென்ற பிரிட்டிஷ் பெண் இவள்தான். ஹன்னா க்ளுக்மன் 2023இல் ஃப்ளோரிடாவில் ஆரஞ்சு பௌல் என்ற பெரிய ஜூனியர் போட்டியை ஜெயித்தாள். 2025இல் பாரிஸில் பிரெஞ்சு ஓப்பன் ஜூனியர் இறுதிக்குப் போய் ஆஸ்திரியாவின் லில்லி டாகரிடம் 6-2, 6-0 என்று தோற்றாள். அந்தத் தோல்விதான் எனக்குப் பெரிய சந்தோஷம். ஏன் தெரியுமா? அது களிமண் தரை. இங்கே களிமண் தரை அபூர்வம். ஸ்பெயினிலும் இத்தாலியிலும் குழந்தைகள் அதிலேயே வளர்ந்து, பொறுமையாக நீண்ட ஆட்டம் ஆடக் கற்றுக்கொள்கிறார்கள். மர்ரே பதினைந்து வயதில் பார்சிலோனாவுக்குப் போனது அதற்காகத்தான். பிரிட்டிஷ் பெண் ஒருத்தி, பள்ளியில் ஜிசிஎஸ்இ தேர்வு எழுதும் வயதில், அந்தத் தரையில் இறுதி வரை போகிறாள் என்றால் அவளுக்குக் கால்வேலை இருக்கிறது, பொறுமை இருக்கிறது.

பணம் பற்றியும் கேட்டிருந்தாய். விம்பிள்டனில் மிஞ்சும் லாபம் வருஷாவருஷம் இந்நாட்டு டென்னிஸ் சங்கத்துக்குப் போகிறது, அது கோடிக்கணக்கில். வைல்ட் கார்டு கிடைத்து முதல் சுற்றில் தோற்றாலும் 2025 கணக்கில் 66,000 பவுண்டு. கோச் சம்பளம், விமான டிக்கெட், ஹோட்டல் என்று அலையும் இளம் ஆட்டக்காரருக்கு அது பெரிய உதவி, கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த நிலைக்கு வரும்வரை எல்லாம் பெற்றோர் தலையில். எங்கள் தெருவில் ஒரு சிறுமி நன்றாக ஆடுகிறாள். நவம்பர் வந்தால் நாலரை மணிக்கே இருட்டு, மழை வேறு. கூரையுள்ள கோர்ட்டுக்கு அவள் அப்பா ஊரைக் கடந்து கார் ஓட்டுகிறார், மணிக்கணக்குக்கு வாடகை கட்டுகிறார். சங்கத்துப் பணம் முதலில் இந்தக் கூரைகளுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

எனக்குப் பிடித்த இன்னொரு பாதை அமெரிக்கக் கல்லூரி. கேமரன் நாரி, ஜேக்கப் ஃபியர்ன்லி இருவரும் டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தில் ஆடியவர்கள். நாரி 2022இல் விம்பிள்டன் அரை இறுதி வரை போனார். ஃபியர்ன்லி படிப்பு முடிந்த கையோடு 2024இல் 22 வயதில் விம்பிள்டனில் ஜோகோவிச்சிடம் ஒரு செட் எடுத்தான். நாலு வருஷம் கோச், மைதானம், சாப்பாடு, கூட ஆட ஒரு குழு, கையில் ஒரு பட்டம். பதினெட்டு வயதில் தனியாகச் சின்னச் சின்ன ஊர்ப் போட்டிகளுக்கு அலைவதைவிட இது பல பிள்ளைகளுக்கு நல்லது என்று உறுதியாக நினைக்கிறேன்.

நீ இதையெல்லாம் ஏன் கேட்டாய் என்று கடிதத்தின் கடைசிப் பத்தியில்தான் புரிந்தது. பேத்தி ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறாளா! எவ்வளவு நல்ல செய்தி. போட்டிக்கு அனுப்பச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால் கொஞ்சம் தள்ளிப் போடு, காலை வெயிலுக்கு முன் ஆட விடு. அவள் உயரத்தை அளந்து எழுது. அதைப் பார்த்து 25 அங்குல ராக்கெட்டா 26 அங்குலமா என்று முடிவு செய்து, டிசம்பரில் மதுரைக்கு வரும்போது நானே எடுத்து வருகிறேன்.

அன்புடன்,
ராகவன்