எம்ப்டியைப் பிடிக்க ஒரு வலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். துப்பாக்கி சுடும் பயிற்சிக்குப் பெண் பிள்ளைகள் நிறைய வரத் தொடங்கியிருப்பதைப் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைக் கடையில் வைத்தே இரண்டு முறை படித்தேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலத்தில் தொடங்கி, செலவு, உரிமம், பள்ளிக்கூட லீவு வரைக்கும் எழுதியிருந்தீர்கள். ஒன்று மட்டும் விட்டுப்போயிருக்கிறது. சுட்டதும் பிஸ்டலிலிருந்து தெறித்து விழுகிற காலித் தோட்டா. சின்ன விஷயம் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

நான் திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் பவர் டேபிள், அதாவது மோட்டார் தையல் மெஷினில் துணி தைப்பவன். மகளுக்கு 17 வயது. மூன்று வருடம் ஏர் பிஸ்டல் சுட்டாள். அதில் 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு காற்றழுத்தத்தில் போகும், பின்னால் எதுவும் விழாது. போன வருடம் 25 மீட்டர் பிஸ்டல் பிரிவுக்கு மாறினாள். இது .22 பிஸ்டல். ஒவ்வொரு முறை சுடும்போதும் ஒரு பித்தளைக் கூடு வலப்பக்கமாகத் தெறிக்கும். ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், பென்சிலைவிடச் சன்னம். ரேஞ்சில், அதாவது சுடும் மைதானத்தில், அதை 'எம்ப்டி' என்பார்கள். போட்டியில் நிதானமாகச் சுடுவது 30, வேகமாகச் சுடுவது 30, ஆக 60 எம்ப்டி. பயிற்சி நாளில் நூறைத் தாண்டும்.

நாங்கள் போகும் ரேஞ்சில் சுடுகிறவர்களுக்கு நடுவே அப்போது தடுப்பு எதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் சுட்ட எம்ப்டி, வலப்பக்கம் நின்ற பையனின் சட்டைக் காலருக்குள் விழுந்துவிட்டது. அப்போதுதான் வெளியே வந்த பித்தளை, கழுத்தில் பட்டால் சுரீர் என்று இருக்கும். பையன் துள்ளித் திரும்பினான். கையில் பிஸ்டல், உள்ளே இன்னும் மூன்று தோட்டா. பின்னால் நின்ற கோச் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இலக்குப் பக்கமே திருப்பிவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பையன் கழுத்தில் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புத் தழும்பு, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நொடி பிஸ்டலின் வாய் எந்தப் பக்கம் போனது என்பதை நான் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாளே ஏதாவது செய்ய வேண்டும் என்று இறங்கினேன். முதலில் ஒரு தார்ப்பாய்த் துண்டை இரண்டு கம்பிக்கு நடுவில் விறைப்பாகக் கட்டினேன். அது தப்பு. விறைப்பான துணியில் பட்ட எம்ப்டி அதே வேகத்தில் திரும்பி வந்து மகளின் முழங்கை மேலேயே அடித்தது. இன்னொரு பிள்ளையின் அப்பா பழைய குடையை விரித்துப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தார். குடைத் துணியும் இழுத்துக் கட்டியதுதானே, அதுவும் எகிறியது. அட்டைப் பெட்டி வைத்தவர்களும் உண்டு. பெட்டிக்குள் போனது நிற்கும், ஆனால் பாதிக்கு மேல் போவதில்லை. சுட்டுக்கொண்டே இருக்கும்போது கை கொஞ்சம் ஏறி இறங்கும், எம்ப்டி விழும் இடமும் கூடவே மாறும்.

பிடிக்க முடியாவிட்டால் பொறுக்கவாவது வழி பார்க்கலாம் என்று, கடையில் குண்டூசி பொறுக்கும் காந்தத்தை எடுத்துப் போனேன். ஒன்றுகூட ஒட்டவில்லை. எங்கள் தெருவில் பாத்திரப் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் காட்டினேன். "செம்பும் துத்தநாகமும் கலந்தது கண்ணு, காந்தத்துக்கு எப்படி வரும்?" என்றார். தலைமுறை தலைமுறையாகப் பித்தளைக் குடம் அடித்த ஊரில் இருந்துகொண்டு இதை நான் யோசித்திருக்க வேண்டும்.

பிறகுதான் துணிக்காரனாக யோசித்தேன். வேகமாக வரும் பொருளைத் தடுக்கத் துணி தளர்வாகத் தொங்க வேண்டும். கிரிக்கெட் வலையில் பந்து பட்டதும் அப்படியே கீழே விழுகிறதே, அந்த மாதிரி. முக்கால் இஞ்ச் பிவிசி குழாயில் மூன்றடி அகலம், நாலடி உயரத்துக்கு ஒரு சட்டம் செய்தேன். கீழ்க் குழாயில் மணல் நிரப்பி மூடினேன், காற்றுக்குச் சாயாது. துணியை மூன்றடிக்கு வெட்டாமல் நாலரை அடிக்கு வெட்டி, மேல் விளிம்பில் சுருக்கம் வைத்துத் தைத்தேன். மேல் பாதி பருத்தி மெஷ், கண் கண்ணாக இருக்கும் வலைத் துணி. கோச் அந்தப் பக்கம் நிற்கும் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்பதால் கெட்டித் துணி ஆகாது. சிந்தெடிக் துணி சூட்டில் சுருங்கும் என்பதால் அதையும் ஒதுக்கினேன். கீழ்ப் பாதி காடாத் துணி. அது புனல் மாதிரி குறுகி, ஜிப் வைத்த ஒரு பையில் முடியும். எம்ப்டி மெஷ்ஷில் பட்டு, சத்தமில்லாமல் சறுக்கி, பைக்குள் 'டிக்' என்று விழும். எல்லாம் சேர்த்து 600 ரூபாய்க்குள் முடிந்தது. முதல் நாளே 60-க்கு 57 பைக்குள் இருந்தது.

பையைப் பிஸ்டலிலேயே மாட்டிவிடலாமே என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். வேண்டாம். இந்தப் பிரிவில் பிஸ்டல் 1,400 கிராமுக்கு மேல் போகக் கூடாது, 300-க்கு 150-க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். மணிக்கட்டுக்கும் எந்தத் தாங்கலும் இருக்கக் கூடாது. பயிற்சியில் பையோடு பழகிய கை போட்டியில் பை இல்லாமல் தடுமாறும். வலை தனியாகத்தான் நிற்க வேண்டும். இடக்கைக்காரப் பிள்ளைக்கு வலது கைப் பிஸ்டல் கொடுத்தால் எம்ப்டி அதன் நெஞ்சுக்குக் குறுக்கே பறக்கும். அங்கே கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கழுத்து மூடிய சட்டையும் கட்டாயம், வலை மட்டும் போதாது.

இன்னொன்று. எம்ப்டி சில சமயம் நின்று சுடும் கோட்டுக்கு முன்னால் உருண்டுவிடும். மற்றவர்கள் சுட்டு முடித்து, எல்லாப் பிஸ்டலும் காலி என்று சொல்லும்வரை அதைத் தொடக் கூடாது. ஆனால் எங்கள் ரேஞ்சில் தோட்டாவை எண்ணிக் கொடுத்து எம்ப்டியை எண்ணி வாங்குவார்கள். ஒன்று குறைந்தால் பிள்ளைகளுக்குப் பதற்றம். குனிந்து கையை நீட்டப் பார்ப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வலை வைத்த பிறகு அந்தக் குனிதலே இல்லை. ஜிப்பைத் திறந்து தட்டில் கொட்டி எண்ணிவிடுகிறார்கள்.

எண்ணும்போது பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். சில தோட்டா வெடிக்காமல் போகும். அதைக் கையால் வெளியே தள்ளும்போது அதுவும் வலைப் பையில்தான் விழுகிறது. வெடித்தது வாய் திறந்து உள்ளே கரியாக இருக்கும். வெடிக்காததில் ஈயத் தலை அப்படியே இருக்கும், விளிம்பில் ஊசி அடித்த பள்ளம் மட்டும் தெரியும். அது இன்னும் வெடிக்கக்கூடிய தோட்டா. கோச் கையில்தான் போக வேண்டும், பள்ளிக்கூடப் பைக்குள் தவறியும் போகக் கூடாது. எம்ப்டியை வாயில் வைத்து விசில் ஊதும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அந்தக் கரியில் ஈயம் உண்டு. எண்ணி முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். வலையைத் துவைக்கும்போதும் வீட்டுத் துணியோடு சேர்க்காதீர்கள்.

25 மீட்டர் ரேஞ்சில் சுடுகிறவர்களுக்கு இடையே எம்ப்டி பாயாமல் தடுப்பு வேண்டும், நடுவர் பார்வையை அது மறைக்கவும் கூடாது என்று சர்வதேச விதியிலேயே இருக்கிறது. போட்டிக்கு மட்டும் தடுப்பு வைத்து, பிள்ளைகள் வருடம் முழுக்கச் சுடும் பயிற்சி நாட்களில் வைக்காமல் விடுவது எனக்குப் புரியவில்லை. சின்ன கிளப்புகளுக்குப் பணம் இல்லை என்றால் பெற்றோரைச் செய்யவிடுங்கள். எங்கள் கிளப்பில் முதலில் "வெளிப் பொருள் உள்ளே வேண்டாம்" என்றார்கள். இரண்டு வாரம் கேட்ட பிறகு சரி என்றார்கள். இன்று அங்கே நின்று சுடும் ஆறு இடத்திலும் நான் தைத்த வலை நிற்கிறது. அந்தப் பையன்தான் முதல் வலையைத் தூக்கி வைத்தான்.

அடுத்த முறை இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது இதற்கும் நாலு வரி ஒதுக்குங்கள். வெட்டு அளவை பிரவுன் பேப்பரில் போட்டு வைத்திருக்கிறேன். கேட்கிற கிளப்புக்கு ஒரு நகல் வெட்டித் தருகிறேன். துணிக்கும் குழாய்க்கும் ஆகிற காசு மட்டும் போதும், தையல் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தையல்காரர்,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.