அந்த விசில் நான் வைக்கவில்லை

அன்புள்ள கண்ணா,

நீ அனுப்பின போட்டோ வந்தது. அமெரிக்காவின் ஓரிகனில், பீவர்க்ரீக்கில் அந்த நினைவுத் தகட்டுக்குப் பக்கத்தில் குட்டி உட்கார்ந்திருக்கிறாள், ஒரு ஷூ லேஸ் அவிழ்ந்து கிடக்கிறது. கட்டிவிட்டு எடுத்திருக்கக் கூடாதா? உலகத்தின் முதல் ஜியோகேஷ், அதாவது ஜிபிஎஸ் வைத்துத் தேட ஒளித்த பொருள், அங்கேதான் இருந்தது என்று நீ சொன்னதை அம்மாவுக்கு விளக்கினேன். 2000 மே 1 வரைக்கும் அமெரிக்க அரசாங்கம் பொதுஜன ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே பிழை கலந்து அனுப்பியது; 100 மீட்டர் வரை தப்பும். நம் அண்ணா நகர் டவர் பார்க் மரத்தடியைத் தேடினால் வெளியே டீக்கடையில் கொண்டுபோய் நிறுத்தும். அது நின்ற கையோடு, மே 3ஆம் தேதி ஒருவர் அங்கே ஒரு வாளியை ஒளித்துவிட்டு, தேடுங்கள் என்று அந்த இடத்தின் ஜிபிஎஸ் எண்களைக் கொடுத்துவிட்டார். ஒன்றை எடுத்தால் ஒன்றை வை, நோட்டில் எழுது. அவ்வளவுதான் விளையாட்டு. வாளிக்குள் உண்டிவில்லோடு ஒரு பீன்ஸ் டப்பாவும் இருந்தது என்றதும் அம்மா, "பீன்ஸை யார் எடுப்பாங்க?" என்றாள்.

நீ இதை 2003இல் ஜிபிஎஸ் இல்லாமலே செய்தாய். ஸ்டுடியோவில் கேட்டு வாங்கின ஃபிலிம் ரோல் டப்பா, கறுப்பு, சாம்பல் மூடி. திறந்தால் ‘டப்’ என்று சத்தம், லேசாக மருந்து வாசனை. உள்ளே கட்டம் போட்ட தாளில், ‘எடுப்பவர் ஏதாவது வைக்கவும். இப்படிக்கு, 3ஆம் வகுப்பு’. தூங்குமூஞ்சி மரத்து வேர் இடுக்கில் செருகினாய். வரைபடத்தை உன் டைரியில் பார்த்துவிட்டேன்: டவர் வாசலிலிருந்து 42 அடி. என் அடியில் போனால் புதர் வந்தது. திரும்பி வந்து, உன்னைப் போல் குட்டிக் குட்டியாக அடி வைத்து நடந்தேன். வாக்கிங் வந்தவர்கள் பார்த்தார்கள், சரி, போகட்டும்.

ஓட்டைக் காலணா நான் வைத்தது. கோலிக்குண்டும் நான்தான். ராஜா காலத்துப் புதையல் என்று நீ தெருவெல்லாம் காட்டியபோது சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சிவப்பு விசில், மத்தியானம் ஊதி ஊதிக் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் திட்டு வாங்கினாயே, அதை நான் வைக்கவில்லை. அம்மாவும் இல்லை. அன்றைக்கே கேட்டுவிட்டேன்.

மரம் 2016 வர்தா புயலில் சாய்ந்துவிட்டது. 1968இல் பொருட்காட்சிக்குக் கட்டின டவரை 2011இல் மூடினார்கள் அல்லவா, 2023இல் திறந்ததும் ஏறினேன். முட்டி கெஞ்சியது. உச்சியிலிருந்து பார்த்தால் நம் இடத்தில் வெறும் புல். 42 அடி அவ்வளவு கிட்டத்திலா இருந்தது?

அப்புறம், காலணா இன்னும் 2 இருக்கிறது. மிளகாய்ப்பொடி பார்சலில் சுருட்டி வைத்திருக்கிறேன். குட்டி கண்ணைக் கசக்கப் போகிறாள், கழுவிக் கொடு.

அப்பா